வழியில் தங்கிவிட்ட கணையம்

காலை எட்டு மணிக்கு விழுப்புரம் பக்கத்துக் கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நூறு பேர் என்றால், அவர்களில் ஓரிருவராவது தங்கள் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ஒரு துணுக்குக் கணையத்தைக் கூடுதலாகச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். அது அவர்களுக்கே தெரியாது. பிரேதப் பரிசோதனைகளில் தேடிப் பார்த்து மருத்துவ உலகம் சொல்லும் கணக்கு அரை சதவீதத்தில் தொடங்கி 13.7 சதவீதம் வரை போகிறது. மேல்வயிற்றைத் திறந்து 500 பேருக்கு அறுவை சிகிச்சை செய்தால் ஒருவரிடம் கண்ணில் படும் என்பது இன்னொரு கணக்கு. பெரும்பாலோர் அதைச் சுமந்தபடியே வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, போய்ச் சேருகிறார்கள். சிலருக்கு மட்டும் அது எண்டோஸ்கோப்பித் திரையில் ஒரு ‘கட்டி’யாகத் தென்பட்டு வீட்டையே கலங்கடித்துவிடுகிறது.

அந்தத் துணுக்கு எங்கே பிறந்தது, எப்படி இரைப்பைக்கு வந்தது, யார் கண்ணில் பட்டது, அதை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டாலே பயத்தில் பாதி போய்விடும்.

கரு உண்டாகி நான்காவது வாரம். முழு நீளமும் அரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் அந்த உடம்பில், பின்னாளில் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று பிரியப்போவதெல்லாம் இப்போதைக்கு ஒரே குழாய்தான். அந்தக் குழாயின் முதுகுப் பக்கத்தில் ஒரு மொட்டு கிளம்புகிறது. சற்றுப் பிந்தி, வயிற்றுப் பக்கத்தில், பித்தக்குழாய் முளைக்கும் இடத்தை ஒட்டி இன்னொரு மொட்டு. இரண்டும் சேர்ந்தால்தான் கணையம். சேர வேண்டுமானால் வயிற்றுப் பக்க மொட்டு இடம்பெயர வேண்டும். சிறுகுடலின் தொடக்கப் பகுதி திரும்பும்போது அதுவும் கூடவே பின்புறமாகச் சுற்றி வந்து, ஏழாவது வார வாக்கில் முதுகுப் பக்க மொட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டின் நாளங்களும் இணைந்து, சீரண நீரைச் சிறுகுடலுக்குள் இறக்கும் முக்கிய வழியாகின்றன. எந்தச் சத்தமும் இல்லாமல் இவ்வளவும் நடந்து முடிகிறது.

இந்தச் சுற்றலின்போது மொட்டிலிருந்து சில செல்கள் குடல் சுவரில் சிக்கிக்கொள்கின்றன, குழாய் நீள நீள அவையும் இழுபட்டுப் போய் வேறிடத்தில் நிலைத்துவிடுகின்றன என்பது பழைய விளக்கம். இடம் தவறிய கணையம் பெரும்பாலும் இரைப்பையிலும், சிறுகுடலின் தொடக்கத்திலும், அதற்கடுத்த பகுதியிலும்தான் கிடைக்கிறது. அதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனால் பித்தப்பையிலும் உணவுக்குழாயிலும், அபூர்வமாக நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அதைக் கண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் ஒரு துணுக்கு இழுபட்டுப் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது விளக்கத்துக்கு வழிகாட்டியவை ஆடுகள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. அந்நாட்டு வேளாண் துறை விஞ்ஞானிகள் பல வருடம் தேடி, மலைச்சரிவில் வளரும் ஒரு காட்டுச் செடியைக் கண்டுபிடித்தார்கள். சினையான ஆடு பதினான்காம் நாள் வாக்கில் அதை மேய்ந்தால் குட்டிக்கு முகம் சரியாகப் பிரிவதில்லை. அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். கருவில் எந்த இடம் என்னவாக வேண்டும் என்று செல்களுக்குச் சொல்லும் ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற சமிக்ஞையை அது தடுக்கிறது. 1998இல் ஹார்வர்டில் கிம், மெல்டன் இருவரும் அதே சைக்ளோபமைனைக் கோழிக் கருவில் செலுத்திப் பார்த்தார்கள். இரைப்பையாகவும் சிறுகுடலாகவும் ஆக வேண்டிய இடங்களில் கணையம் முளைத்தது. கணையம் வர வேண்டிய இடத்தில் அந்தச் சமிக்ஞை இயல்பாகவே அணைந்திருக்கிறது, இரைப்பையில் அது எரிந்துகொண்டே இருக்கிறது, அணைந்தால் இரைப்பைச் சுவரும் கணையமாகத் தயார் என்பது அதிலிருந்து விளங்கியது. 2006இல் ஜப்பானின் கியோட்டோ ஆய்வாளர்கள் ‘ஹெஸ்1’ என்ற மரபணுவை நீக்கிய எலிகளில் இரைப்பையிலும் பித்தக்குழாயிலும் கணையத் திசு உருவானதைக் காட்டினார்கள்.

ஆகவே அந்தத் துணுக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டியதாகவும் இருக்கலாம், இருந்த இடத்திலேயே மனம் மாறியதாகவும் இருக்கலாம். நம் ஊர்ப்பக்கம் குழந்தைக்கு உடம்பில் எது மாறியிருந்தாலும் உடனே பழி தாய்மேல் விழுகிறது. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதையாவது தின்றாயா என்று கேள்வி மேல் கேள்வி. ஐடஹோச் செடி நம் வயலில் இல்லை, நம் கீரைக்கட்டிலும் இல்லை. தாய் சாப்பிட்டதற்கும் இந்தக் கணையத் துணுக்குக்கும் தொடர்பு உண்டென்று யாரும் காட்டியதில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிடலாம்.

இரைப்பையில் தங்கும் துணுக்கு, பத்தில் ஒன்பது தடவை ஒரே பகுதியைத்தான் தேர்ந்தெடுக்கிறது. இரைப்பை சிறுகுடலுக்குத் திறக்கும் வாசலுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால், பெரிய வளைவின் பக்கமாக. இரைப்பைச் சுவர் அடுக்கடுக்கானது. மேலே சளிப்படலம், அதன் கீழே மெத்தென்ற ஒரு படலம், அதற்கும் கீழே தசை, கடைசியாக வெளியுறை. நாலில் மூன்று துணுக்குகள் அந்த மெத்தென்ற படலத்தில் குடியிருக்கின்றன. மீதியில் பெரும்பகுதி தசைக்குள். அளவு பொதுவாக அரை சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். தாய்க்கணையத்தோடு எந்த ஒட்டும் இல்லை. ரத்தக்குழாய் தனி, நரம்பு தனி.

அதற்குத் தன் வேலை மறக்கவில்லை என்பதுதான் வியப்பு. 1909இல் ஹைன்ரிக் என்பவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார். சீரண நீர் சுரக்கும் செல்கொத்துகள், அதைக் கொண்டுபோகும் நாளங்கள், இன்சுலின் சுரக்கும் திட்டுகள் மூன்றும் இருப்பது முதல் வகை. திட்டுகள் இல்லாதது இரண்டாவது. வெறும் நாளங்கள் மட்டும் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டு வகைத் துணுக்குகள் புரதத்தையும் மாவையும் அறுக்கும் என்சைம்களை இரைப்பைச் சுவருக்குள்ளேயே சுரக்கின்றன. பெரும்பாலும் அதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது, நீர் வடிந்துவிடும். வழி அடைத்தாலோ, நீர் சுற்றியுள்ள சதையில் கசிந்தாலோ வலி வரும், புண் வரும், ரத்தம் கசியும். தாய்க்கணையத்துக்கு வரும் அழற்சி இந்தச் சின்னத் துண்டுக்கும் வரலாம். வாசலுக்கு மிக அருகில் இருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சாப்பாடு இறங்காமல் வாந்தியாகலாம். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவையும் சளிப்படலத்தை ஒட்டி இருப்பவையும்தான் அதிகம் தொல்லை தருகின்றன. புற்றுநோயாக மாறியதற்கும் பதிவுகள் உண்டு. ஆனால் அது மிக மிக அபூர்வம்.

மனிதக் கண் இதை முதலில் பார்த்தது 1727இல் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. ஜான் ஷுல்ட்ஸ் என்பவர் சிறுகுடலில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பை போன்ற பகுதியில் கணையச் சதை இருந்ததாக எழுதினார். அது கணையம்தான் என்று நுண்ணோக்கியில் வைத்து உறுதி செய்ய 1859 வரை, கிளோப் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகும் நூறு வருடத்துக்கு அதைப் பார்க்கப் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஆள் இறந்திருக்க வேண்டும், இல்லை வயிற்றைத் திறந்திருக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவரின் இரைப்பைக்குள் சுலபமாகப் பார்க்கும் வழி திறந்ததில் ஒரு இந்தியரின் பங்கு பெரிது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால் வளைந்த குழாய் வழியாகவும் படம் வரும் என்று 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவின் மிச்சிகனில் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்து, 1957இல் முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு நோயாளிக்குப் போட்டார். இன்று தமிழ்நாட்டில் அன்றாடம் நடக்கும் ‘டியூப் விட்டுப் பார்ப்பது’ அங்கிருந்து வந்த வழித்தோன்றல். கபானிக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2021இல், அவர் காலமான பிறகு. அவர் பெயரைப் பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி அந்தத் துணுக்கு ஒரு மருத்துவமனைக்கு வரும் வழியைப் பார்ப்போம். கோலியனூர்ப் பக்கத்து நாற்பது வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நடவும் களையெடுப்பும் பார்ப்பவர். இரண்டு வருடமாக மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி. மெடிக்கல் ஷாப்பில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொள்கிறார், ஜெலுசில் குடிக்கிறார். வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. ஒருநாள் வாந்தியும் சேர்ந்துகொள்ள, பஸ் ஏறுகிறார். இந்தப் பகுதி ஜனங்களுக்கு இரண்டு திசை. ஒன்று விழுப்புரம் தாண்டி, சென்னை சாலையில் 2010இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. இன்னொன்று வளவனூர், கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரி கோரிமேடு, ஜிப்மர். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளி வழிவந்தது அது. எந்தத் திசையில் போனாலும் எண்டோஸ்கோப்பிக்கு முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள்.

தொண்டை மரத்துப்போக கசப்பான ஒரு ஸ்ப்ரே. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். சுண்டுவிரல் தடிமன் உள்ள கறுப்புக் குழாய் உள்ளே இறங்குகிறது. “எச்சிலை முழுங்காதீங்கம்மா, வெளிய விடுங்க, மூச்சு நல்லா இழுத்து விடுங்க” என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே முதுகைத் தடவுகிறார். திரையில் வெளிறிய உணவுக்குழாய் கடந்து, இரைப்பையின் சிவந்த மடிப்புகள் விரிகின்றன. கீழ்ப்பகுதிக்கு வந்ததும் மடிப்புகள் மறைந்து சுவர் வழவழப்பாகிறது. அங்கே, வாசலுக்கு முன்னால், ஒரு சின்ன மேடு. மேல் தோலில் எந்தக் கீறலும் இல்லை, நிறமும் மாறவில்லை. மேட்டின் உச்சியில் தொப்புள் மாதிரி ஒரு குழி. அனுபவமுள்ள டாக்டருக்கு அந்தக் குழியைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிடும். துணுக்குக் கணையத்தின் நாளம் இரைப்பைக்குள் திறக்கும் இடம் அது. எல்லா மேட்டிலும் குழி இருக்காது என்பதுதான் சிக்கல்.

டாக்டர் இடுக்கியால் அந்த மேட்டிலிருந்து ஒரு கிள்ளு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார். சில நாள் கழித்து ரிப்போர்ட் வருகிறது. சாதாரண இரைப்பை அழற்சி, அவ்வளவுதான். குடும்பம் குழம்புகிறது. “கட்டின்னு சொன்னாங்க, இப்ப ஒண்ணும் இல்லைங்கறாங்க, எதை சார் நம்பறது?” என்று கணவர் கேட்பார். இரண்டும் உண்மை. இடுக்கி கிள்ளியது மேல்படலத்தை மட்டும். துணுக்கு அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. இந்த நோயறிதலில் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் குழப்பம் வரும். இரைப்பையின் சளிப்படலத்துக்குக் கீழே மேடு எழுப்புவது கணையம் மட்டும் இல்லை. கொழுப்புக்கட்டி இருக்கலாம். இடுக்கியால் அழுத்தினால் அது உள்ளே அமுங்கும். தசைக்கட்டி இருக்கலாம். முக்கியமாக ஜிஸ்ட் என்ற கட்டி இருக்கலாம். குடலின் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களோடு உறவுள்ளது அது. சிலது சாது, சிலது பரவும். அது எப்படி உருவாகிறது என்பதற்கான மரபணுக் காரணம் ஜப்பானில் ஹிரோட்டா குழுவின் ஆய்வில் வெளியானதும் 1998இல்தான், கோழிக் கருவில் கணையம் முளைத்த அதே வருடம். ஜிஸ்ட் என்று பயந்து, கணையத் துணுக்குக்காக இரைப்பையின் கீழ்ப்பாதியை வெட்டி எடுத்த கதைகள் மருத்துவ இதழ்களில் வரிசையாகக் கிடக்கின்றன.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது எண்டோஸ்கோப் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவி. 1980 வாக்கில் வந்தது. நம் பெரிய மருத்துவமனைகளில் இ.யு.எஸ். என்றுதான் சொல்வார்கள். இரைப்பைச் சுவரை ஐந்து கோடுகளாக, ஒன்று வெளுத்து ஒன்று கறுத்து, அது காட்டும். மேடு எந்தக் கோட்டிலிருந்து கிளம்புகிறது என்பதுதான் கேள்வி. ஜிஸ்ட் பெரும்பாலும் நான்காவது கோட்டிலிருந்து, தசையிலிருந்து, உருண்டையாக, ஒரே கறுப்பாக, ஓரம் தெளிவாக எழும். கணையம் பெரும்பாலும் மூன்றாவது கோட்டில், சில நேரம் நான்காவதையும் தொட்டுக்கொண்டு, ஓரம் கலங்கி, கறுப்பும் வெளுப்பும் கலந்து கிடக்கும். நடுவே நாளம் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. சி.டி. ஸ்கேனிலும் ஒரு குறிப்பு கிடைக்கும். ஜிஸ்ட் உருண்டை, கணையமோ தட்டையாக நீண்டு கிடப்பது. நீளம் அகலத்தைப்போல 1.4 மடங்குக்கு மேல் என்றால் கணையத்தின் பக்கம் சாய்கிறார்கள். அப்புறமும் தெளியாவிட்டால் மெல்லிய ஊசியை ஆழமாக விட்டுச் செல்களை எடுக்கலாம். கிள்ளிய இடத்திலேயே மறுபடி மறுபடி கிள்ளி ஆழம் போவதும் உண்டு.

கணையத் துணுக்கு என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வலிக்கு அதுதான் காரணமா? இதில் அவசரப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வயிற்றில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காக எல்லா வலியையும் அதன் தலையில் போடக் கூடாது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். நம் ஜனங்களிடம் சர்வசாதாரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு மருந்து கொடுத்து, வலி போகிறதா என்று கவனிக்க வேண்டும். சிலருக்கு அதோடு வலி நின்றுவிடும். துணுக்கு தன் பாட்டுக்கு இருக்கும்.

தொல்லை இல்லாத துணுக்கைத் தொட வேண்டியதில்லை. சில காலம் கழித்து ஒருமுறை பார்த்து, வளரவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும். ரத்தம் கசிந்தால், வாசல் அடைத்தால், மற்ற காரணங்களைத் தீர்த்த பிறகும் வலி விடாவிட்டால், அல்லது என்னதான் பார்த்தும் இது வேறு கட்டியோ என்ற சந்தேகம் நீங்காவிட்டால், எடுக்கலாம். துணுக்கு மேலோட்டமாக இருந்தால் வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே அடியில் உப்புநீர் செலுத்தி உயர்த்தி, சுற்றி அறுத்து, தோலுரித்து எடுத்துவிடுகிறார்கள். ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றுநோய்க்காக ஜப்பானியர்கள் 1990களில் உருவாக்கிய கைத்திறன் அது. ரத்தப்போக்கு, ஓட்டை விழுதல் என்ற ஆபத்து அதிலும் உண்டு. தசைக்குள் புதைந்திருந்தால் லேப்ராஸ்கோப்பியில் அந்த இடத்தை மட்டும் ஆப்பு வடிவில் வெட்டித் தைப்பார்கள். அறுவை அரங்கில் சந்தேகம் வந்தால் துண்டை உடனே உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். கணையம் என்று சொல்லிவிட்டால் மேலும் வெட்டத் தேவையில்லை.

அப்படி வெளியே வந்த துணுக்கு பார்மலினில் ஊறி, மெழுகில் அமர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவப்பட்டு, நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றப்பட்டு, கண்ணாடித் தகடாகிறது. நுண்ணோக்கியில் முதலில் தெரிவது இரைப்பையின் சுரப்பிகள். தகடைக் கொஞ்சம் தள்ளினால் காட்சி மாறுகிறது. வட்ட வட்டமாகச் செல்கொத்துகள். ஒவ்வொரு செல்லுக்கும் அடி நீலம், உச்சியில் சிவந்த மணிகள். அந்த மணிகள்தான் சீரண என்சைம்கள். அவற்றின் நடுவே நாளங்கள். இருந்தால், வெளிறிய திட்டுகள் சில. 1869இல் பெர்லினில் மாணவராக இருந்த லாங்கர்ஹான்ஸ் கணையத்தில் கண்டு எழுதிய அதே திட்டுகள். பிறக்கும் முன்பே வழியில் நின்றுவிட்ட ஒரு துணுக்கு, நாற்பது வருடம் யாரும் கேட்காமலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததற்குச் சாட்சி அந்தத் தகடு.

வயிற்று வலிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மலம் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, சாப்பிட்டது தங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நாள் கடத்தாதீர்கள். எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் ‘எக்டோபிக் பேங்க்ரியாஸ்’, ‘ஹெட்டரோடோபிக் பேங்க்ரியாஸ்’, ‘பேங்க்ரியாடிக் ரெஸ்ட்’ என்று எது எழுதியிருந்தாலும் மூன்றும் ஒன்றே. எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், இ.யு.எஸ். பார்த்தாயிற்றா, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்த ரிப்போர்ட்டையும் படத்தையும் ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டையோடு ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அந்த மேட்டைப் பார்த்துத் திடுக்கிடும்போது, பழைய படத்தில் அதே இடத்தில் அதே அளவில் அது இருப்பதைக் காட்டினால், பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியிருக்காது.